கயிற்றுத் துளையில் வைத்த காது

என் அக்கா புருஷனுக்குக் கம்பெனியில் ‘பாம்புக் காது’ என்று பட்டப்பெயர். அடுத்த மாடியில் எவனாவது அவரைப் பற்றிப் புறணி பேசினால் இங்கிருந்தே பதில் கொடுப்பார். பழைய கட்டடங்களில் லிப்டு பழுது பார்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. மொட்டைமாடி மோட்டார் அறையிலிருந்து அவர் லிப்டை ஏற்றி இறக்குவார். நான் பெட்டியின் கூரைமேல், இருட்டுக்குள் நின்று வேலை பார்ப்பேன். அறையின் தரையில் கம்பிக்கயிறு இறங்கும் துளை வழியாகத்தான் பேச்சு. ஏற்றவோ இறக்கவோ நான் சொன்னால் அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பெட்டியை அசைக்கக் கூடாது. சட்டம் போட்டவரே அவர்தான். இடது காதைத் துளைக்குக் கொடுத்து, கண்ணை மோட்டார்மேல் வைத்துக் குனிந்து நிற்பது அவர் பழக்கம்.

அன்றைக்கு, “ஏத்துங்க மச்சான்” என்றேன்.

“ஏத்துறேன் மாப்ளே.”

பெட்டி நகர்ந்தது. வேண்டிய இடம் வந்ததும், “நிறுத்துங்க” என்றேன். நிற்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். உச்சிக் கான்கிரீட் தளம் என் தலையை நோக்கி வந்துகொண்டே இருந்தது. குப்புற விழுந்து, தடவித் தடவி, பெட்டியை நிறுத்த அதன் கூரையிலிருக்கும் சிவப்புப் பொத்தானை எப்படி அடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே ஏறி வந்து, மொட்டைமாடிக்கு ஓடினேன். “காது என்ன செவிடாப் போச்சா?”

“ஆமாடா” என்றார். முகத்தில் ஈயாடவில்லை. “காலைல எந்திரிச்சதுலேருந்து இந்த இடது காது கேக்கல. உள்ள கொய்ங்னு ஒரே சத்தம். சளி அடைப்புன்னு நெனச்சேன். மோட்டார் ஓடாதப்ப நீ பேசினது வலது காதுல விழுந்துச்சு. ஓட ஆரம்பிச்சதும் ஒண்ணுமே கேக்கல மாப்ளே.”

நிமிர்ந்தவர் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அன்றைக்கே அக்காவும் நானும் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். காதுக்குள் பார்த்த டாக்டரம்மா, அடைப்பு எதுவும் இல்லை என்றார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வலது காதுக்கு டக்டக்கென்று அமுக்கியவர், இடது காதுக்கு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்காது நரம்பு சம்பந்தப்பட்டது. சளின்னு வீட்டுல உக்காந்திருந்தா கைமீறிப் போயிருக்கும். சுகர், பிரஷர் இருக்கா?”

“கொஞ்சம் இருக்கு.”

“கொஞ்சமா?” என்றாள் அக்கா. “டாக்டர், அந்த மாத்திரைய இவர் கண்ணாலயாவது பாக்குறாரான்னு கேளுங்க.”

ஸ்டீராய்டு மாத்திரையை உடனே தொடங்க வேண்டும், அதில் சர்க்கரை ஏறும், கூடவே அதையும் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. கட்டி ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேன் வேறு. கட்டி என்றதும் அக்கா என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

“கேட்டுருமா?” என்றார் மச்சான்.

“சிலருக்கு முழுசா வரும். சிலருக்குப் பாதி. வராமலும் போகும்.”

கட்டி இல்லை. காதும் வரவில்லை. அதைவிட மிச்சமிருக்கும் காதை நினைத்துத்தான் அவர் செத்துச் செத்துப் பிழைத்தார். விழித்ததும் வலது காதருகே விரல்களைத் தேய்த்துப் பார்ப்பார். அது கேட்ட பிறகுதான் கண்ணைத் திறப்பார். அக்கா பக்கத்தில் மூச்சுவிடாமல் படுத்திருப்பாளாம்.

வேலைக்குத் திரும்பிய அன்று, “மேல நீ நில்லு. கூரைக்கு நான் போறேன்” என்றார்.

“வேணாம் மச்சான்.”

“என் காதை நம்பி இனிமே உன்னை நிறுத்த மாட்டேன்டா.”

துளைக்கு என் காதைக் கொடுத்தேன். “இறக்கு மாப்ளே” என்று குரல் வந்தது.

“இறக்குறேன் மச்சான். கேட்டுச்சா?”

பதில் இல்லை. மறுபடி கத்தினேன். இல்லை. அந்தக் காதும் போய்விட்டதோ என்று நினைத்தேன். பெட்டியை அசைக்க எனக்குத் தைரியமில்லை.

“மச்சான்!”

“இருக்கேன்டா. பயப்படாத. நல்ல காதைப் பொத்திக்கிட்டு, இடது காதுல நீ பேசுறது விழுதான்னு பாத்தேன்.”

“விழுந்துச்சா?”



“இறக்கு மாப்ளே” என்றார்.