கேள்வியில் A, விடையில் P

எங்கள் பல்கலைக்கழகத்தின் கணிதப் பிரிவில் தமிழ் மாணவர்களுக்கென்று ஒரு கோப்பு இருந்தது. யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. படித்து முடித்துப் போகிறவர்கள் தங்கள் பழைய தேர்வுத் தாள்களையும் விடைகளையும் அதில் போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முன்பு காகிதக் கட்டாக இருந்ததாம். நான் சேர்ந்தபோது அது இணையத்தில் இருந்தது, எந்த ஒழுங்கும் இல்லாமல். ஒரே விடை ஐந்து முறை படமெடுக்கப்பட்டிருக்கும்; முக்கியமான பக்கம் தலைகீழாகக் கிடக்கும்.

முதலாண்டு விடுமுறையில், கோலசிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில் உட்கார்ந்து, அதற்கு அட்டவணை போட்டேன். பாடம், தாளின் ஆண்டு, கேள்வி எண், யாருடைய கையெழுத்து, எத்தனை மதிப்பெண் கிடைத்தது, யாரிடமிருந்து வந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒழுங்கில்லாத ஒன்றைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

"கிராணி வேல ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று என் வகுப்புத் தோழி தொலைபேசியில் சிரித்தாள். "பேர் கூப்பிடுங்க கிராணியம்மா, நான் வந்திருக்கேன்!"

தோட்ட ஆபீசில் காலையில் பெயர் கூப்பிட்டு வருகை குறிக்கிறவர்தான் கிராணி. அவளுக்கு அது தெரிந்த உலகம். சுங்கை ஆயர் தாவாருக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவள் வீடு. அப்பா குலை வெட்டுகிறவர். எங்கள் வகுப்பில் தோட்டத்திலிருந்து நேராக வந்தவள் அவள் ஒருத்திதான். என்னைவிடக் கெட்டிக்காரி. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நான் ஒரு தேற்றத்தை நான்கு முறை எழுதிப் பார்த்து மனதில் ஏற்றுவேன். அவள் ஒருமுறை படித்துவிட்டு, "அப்படி இல்லாட்டி என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். தேர்வில் எனக்குத்தான் அதிகம் வரும்.

இரண்டாம் ஆண்டு நேரியல் இயற்கணிதம். தொற்றுக் காலம், பல்கலைக்கழகம் மூடிக் கிடந்தது, எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து படித்தோம். ஒரு மேட்ரிக்ஸ் எந்தெந்த வெக்டர்களைப் பூஜ்ஜியமாக்கிவிடுகிறது என்ற பாடம் எனக்குப் பிடிபடவே இல்லை. வரையறை மனப்பாடம், அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவள் விளக்கினாள்.

"மேட்ரிக்ஸ ஒரு கேட்டுன்னு வச்சிக்க. அது வழியா போற சில பேரு அந்தப் பக்கம் சைபராத்தான் வெளிய வருவாங்க. அந்த ஆளுங்க எல்லாரும் ஒரே லயத்துல குடியிருக்காங்க. எந்த மேட்ரிக்ஸ் வந்தாலும் மொதல்ல அந்த லயத்துல யாரு இருக்கான்னு எட்டிப் பாரு லா. சைபர் மட்டும் தனியா இருந்தா அந்த கேட்ட நம்பலாம். வேற யாராச்சும் இருந்தா நம்பாத."

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. இன்று நானே அந்தப் பாடத்தை நடத்துகிறேன். இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பாடத்தின் விரிவுரையாளர் தமிழர், எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். இளைஞராக இருந்தபோது கோலசிலாங்கூரில் ஒரு மண்டபத்தில் ஞாயிறுதோறும் தமிழ் மாணவர்களுக்கு இலவச வகுப்பு எடுத்திருக்கிறார். என் அம்மாவுக்கும் அவரைத் தெரியும். அவர் பெயரைச் சொல்லும்போது அம்மாவின் குரலே மாறும்.

இறுதித் தேர்வு வீட்டிலேயே. ஐந்து கேள்விகள், இருபத்து நான்கு மணி நேரம். குறிப்புகளைப் பார்க்கலாம், விடை மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். மதியம் அவள் கூப்பிட்டாள். சுங்கை ஆயர் தாவாரில் ஒரு மினி மார்க்கெட்டில் காசாளராகப் பகுதிநேர வேலை செய்துகொண்டிருந்தாள். அன்று விடுப்புக் கிடைக்கவில்லை.

"மூணு முடிச்சிட்டேன். அஞ்சாவது பாதி. நாலாவது யோசிக்க நேரமில்ல, ஷிப்டுக்குப் போவணும். கோப்புல இருக்கா பாரேன்."

இருந்தது. எங்கே என்று எனக்கு உடனே தெரிந்தது. ஒரு சீனியர் அழகாக எழுதிவைத்த பக்கம். என் அட்டவணையில் அதற்கு நேராக "முழு மதிப்பெண்" என்று இருந்தது. அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் அதை ஒழுங்காகப் படித்தேன். விடையில் ஒரு வரி தவறு. எண்களில் மூன்று பெருக்கல் x என்பதும் மூன்று பெருக்கல் y என்பதும் சமமென்றால், இருபுறமும் மூன்றை அடித்துவிட்டு x-உம் y-உம் சமம் என்று சொல்லலாம். மூன்று என்பது பூஜ்ஜியம் இல்லை, அவ்வளவு போதும். மேட்ரிக்ஸில் அது போதாது. பூஜ்ஜியமாக இல்லாத மேட்ரிக்ஸைக்கூட அப்படி அடித்துவிட முடியாது. அந்தப் பக்கத்தில், PQ = PR என்பதற்கு அடுத்து, "P பூஜ்ஜியம் அல்ல; ஆகவே Q = R" என்று இருந்தது. முடிவு சரி. காரணம் தவறு. வேகமாகத் திருத்துகிறவர் கண்ணில் படாது.

நான் வேறு மாதிரி எழுதினேன். கேள்வியில் இருந்த மேட்ரிக்ஸ் பூஜ்ஜியமாக்குகிறவை எவை என்று முதலில் பார்த்தேன். பூஜ்ஜியம் மட்டும்தான் இருந்தது. அங்கிருந்து நான்கு வரியில் முடிந்தது. அதாவது அவளுடைய லயத்தை எட்டிப் பார்த்தேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. இதுவரை எல்லாருக்கும் முழு மதிப்பெண் வாங்கிக் கொடுத்த விடைதானே என்று விட்டுவிட்டேன்.

தேர்வு முடிந்த மறுவாரம் விரிவுரையாளர் காணொளியில் சந்தேகம் கேட்க நேரம் ஒதுக்கியிருந்தார். எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. நான் கண்டுபிடித்தது அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

"சார், மேட்ரிக்ஸ்ல இப்படி அடிக்க முடியாதுல்ல சார்? பழைய நோட்ஸ் ஒண்ணுல பாத்தேன்."

"எந்த நோட்ஸும்மா? அனுப்பி வை, பாக்கறேன்."

அந்தச் சீனியரின் பக்கத்தை அனுப்பினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது. "நல்ல கண்ணும்மா ஒனக்கு." அதை நான் பலமுறை திறந்து பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து அவளுக்குக் கடிதம் வந்தது. நான் சாருக்கு அனுப்பிய பக்கத்தில் இருந்த அதே தவறான வரி பலர் தாளில் இருந்தது. மற்றவர்கள் எழுத்துகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கேள்வியில் A, B, C. அவள் தாளில் அந்த ஒரு வரியில் மட்டும் P, Q, R. கடையிலிருந்து வந்து அவசரமாக எழுதியவள், அதைக் கவனிக்கவில்லை. திருட்டு விடை, விசாரணைக்கு வரவும் என்று போட்டிருந்தார்கள்.

விசாரணையும் காணொளியில்தான். அவள் வீட்டில் இணையம் நிற்காது என்பதால், தோட்டத்துக்கு வெளியே இருந்த அவர்களுடைய தேவாலய மண்டபத்தில் இடம் கேட்டிருந்தாள். தொற்றுக் கட்டுப்பாடு தளர்ந்து, மாவட்டம் கடக்கலாம் என்று அறிவித்திருந்த நேரம். அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு கடலோரச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிவைத்த மூலையில் ஒரு மேசை. அவள் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். நான் கேமரா படாத பக்கம், அவள் தோளுக்கு ஒரு முழம் தள்ளி.

"வெள்ளச் சட்ட ஓகேவா? ஞானஸ்நானத்துக்குப் போற மாதிரி இருக்கா?" என்றாள்.

திரையில் நான்கு முகங்கள். அவற்றில் ஒன்று எங்கள் விரிவுரையாளர்; புகார் அவருடையது. எல்லாம் மலாயில் நடந்தது. இந்த விடை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார்கள். பழைய குறிப்பு என்றாள். யார் கொடுத்தது என்று கேட்டார்கள். ஞாபகமில்லை என்றாள். திரையை விட்டு அவள் கண் நகரவில்லை. பிறகு விரிவுரையாளர் பேசினார். கணிதத்தில் தவறு செய்வது குற்றமில்லை, இன்னொருவர் செய்த தவறைப் புரியாமல் எடுத்து எழுதுவதுதான் குற்றம் என்றார். நிதானமாகத்தான் சொன்னார்.

என் மடியில் கைப்பேசி இருந்தது. அதில் வேறொரு படத்தைத் திறந்து வைத்திருந்தேன். அந்த விடையின் மூலப் பக்கம். அந்தச் சீனியர் எதைப் பார்த்து எழுதினாரோ, அது. பச்சை மையில், விரிவுரையாளரின் சொந்தக் கையெழுத்து. பல ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு வகுப்பில் அவரே எழுதிக் கொடுத்த விடை. "P பூஜ்ஜியம் அல்ல; ஆகவே Q = R." என் அட்டவணையில் அதற்கும் ஓர் இடம் இருந்தது: மூலம், சார் கையெழுத்து, கோலசிலாங்கூர்.

தவறு அவருடையது. அவள் பார்த்து எழுதியது ஆசிரியர் மாணவர்களுக்குக் கொடுத்த குறிப்பு. குறிப்பைப் பார்க்கலாம் என்பது தேர்வின் விதி. ஒரு படம் நிலைமையை மாற்றியிருக்கும். முழுவதும் இல்லாவிட்டாலும், தண்டனை வேறாக இருந்திருக்கும்.

நான் நீட்டவில்லை. அதற்கான காரணங்களை அன்று மாலையே எழுதி வைத்தேன். ஒன்று, அடுத்த ஆண்டு என் ஆய்வேட்டுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். இரண்டு, துணை விரிவுரையாளர் வேலைக்கு அவருடைய பரிந்துரைக் கடிதம் வேண்டும். மூன்று, கோப்பு வெளியே வந்தால் அதை வைத்திருப்பது யார் என்ற கேள்வி வரும். நான்காவதை எழுத எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின: நான்காம் கேள்விக்குச் சரியான விடை எழுதியது நான் ஒருத்தி மட்டுமாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அந்தச் சரியான விடையே அவள் சொல்லிக் கொடுத்தது என்பதை அப்போது எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை.

அந்தப் பாடத்தில் பூஜ்ஜியம். இரண்டு பருவம் இடைநீக்கம். இடைநீக்கம் என்றதும் கல்விக் கடனும் நின்றது. அவள் திரும்பி வரவில்லை. மற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம். எனக்கு முதல் வகுப்பு. கோலசிலாங்கூரில் சாதனை மாணவர்களுக்கு நடந்த பாராட்டு விழாவில் விரிவுரையாளர் எனக்குக் கேடயம் கொடுத்தார். நம் பிள்ளைகள் குறுக்குவழியை விட வேண்டும் என்று பேசினார். முன்வரிசையில் என் அம்மா கைதட்டினாள். அந்த வரி தன்னுடையது என்று அவருக்கு நினைவிருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கைதட்டினேன்.

போன ஆண்டு அவளே கூப்பிட்டாள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தாள். பகுதிநேரமாக வேறொரு பல்கலைக்கழகத்தில் கணிதத்தைத் தொடரலாமா என்று பார்ப்பதாகச் சொன்னாள். பழைய பதிவேட்டில் இடைநீக்கம் இருப்பதால் எங்கள் கணிதப் பீடத்திலிருந்து யாராவது ஒரு கடிதம் தர வேண்டுமாம். "நீதான் இப்ப அங்க டீச்சராச்சே."

எழுதினேன். உழைப்பாளி, பொறுப்பானவர், சக மாணவியாக எனக்கு அறிமுகமானவர். ரவாங் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் மதிய வேளையில் சந்தித்தோம். தொழிற்சாலைச் சீருடையில் வந்திருந்தாள். கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"இதுல ஒண்ணும் இல்லையே," என்றாள்.

"என்ன போடணும்னு சொல்லு, சேக்கறேன்."

"உழைப்பாளின்னு என் சூப்பர்வைசர்கூட எழுதித் தருவாரு லா. அதுக்கு ஏன் உன்கிட்ட வரேன்?" தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "சார் கையெழுத்து. பச்ச மை."

நான் கடிதத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"உன் பக்கத்துலதானே ஒக்காந்திருந்தேன். போன தொறந்து வச்சிருந்த, ஓரக்கண்ணுல தெரிஞ்சிச்சு. வெளிச்சம் முழுக்க மூஞ்சில அடிச்சிச்சு. அவங்க மலாய்ல என்ன பேசுனாங்கன்னு பாதி காதுலயே விழல. இப்ப நீட்டுவா, இப்ப நீட்டுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நீ ஏன் கேக்கல? நீயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கோப்பு யார்கிட்ட இருக்குன்னு கேப்பாங்க. உன் பேரு வரும்." சிரித்தாள். "நான் ஒன்னக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன். நீ என்னா பண்ண?"

என் காரணங்களைச் சொல்லவில்லை. பட்டியலாகச் சொன்னால் அவள் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாள் என்று தெரியும். தேநீருக்கு நான் பணம் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றாள்.

மறுநாள் வேறு கடிதம் எழுதினேன். பக்கத்தின் படத்தை இணைத்தேன். மூலம் எது, எப்போது கொடுக்கப்பட்டது, தவறு எந்த வரியில், அதை அவளுக்கு அனுப்பியது யார், விசாரணையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது யார். ஒன்றரைப் பக்கம் வந்தது. கையெழுத்திட்டு அவளுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"படிச்சேன். நல்லா எழுதியிருக்க. ஆனா நான் லாஜிஸ்டிக்ஸ் டிப்ளோமாவுக்குப் போட்டுட்டேன். அதுக்குப் பழசு எதுவும் கேக்கல. கணக்கு போதும் லா."

அதன் பிறகு அவள் எழுதவில்லை. நான் எழுதிய இரண்டு செய்திகளும் படிக்கப்பட்டுவிட்டன என்ற அடையாளம் மட்டும் தெரிகிறது.

அந்தக் கடிதத்தைப் பீடத்துக்கு அனுப்ப அவளுடைய விண்ணப்பம் தேவையில்லை. பதிவேட்டில் உள்ள அந்த இடைநீக்கத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. விதியைப் படித்துப் பார்த்துவிட்டேன். விரிவுரையாளர் இப்போது பீடத்தின் துணைத் தலைவர். என் ஒப்பந்தம் ஆண்டுக்கொருமுறை அவர் மேசைக்குப் போகிறது. கடிதம் என் கணினியில் இருக்கிறது, பெயரிட்டு, தேதியிட்டு, இணைப்புடன். எழுத்துப்பிழைகளைக்கூட இரண்டு முறை பார்த்துத் திருத்திவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.