நீல நாற்காலி

பள்ளி அலுவலகத்திற்கும் கேண்டீனுக்கும் நடுவே, நடைபாதையில் ஒரு நீல நாற்காலி கிடக்கும். விருந்து வீடுகளுக்கு வாடகைக்கு வருமே, அந்த வகைப் பிளாஸ்டிக் நாற்காலிதான். ஒரு கால் சற்று வளைந்திருக்கும். என் மகள் படித்த அந்தத் தமிழ்ப்பள்ளி, ஸ்கூடாய் நகரை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தது. வெளியாள் யார் வந்தாலும், கூட ஓர் ஆசிரியர் வந்து நிற்கும்வரை அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். இது தலைமையாசிரியை வைத்திருந்த சட்டம். கேண்டீனுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், அந்தத் தோம்பைக் காலருகே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தலைமையாசிரியை வீட்டில் மறந்துவிட்டு வந்த கண்ணாடியை எடுத்துவந்த அவருடைய கணவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். “முருகனே மயிலோட வந்தாலும் மொதல்ல நாற்காலிதான்” என்று பெற்றோர் கிண்டல் செய்வார்கள். அது தலைமையாசிரியை காதிலும் விழுந்திருக்கும். “மயிலு வெளியிலயே நிக்கட்டும்” என்று ஒருநாள் பதில் சொன்னதாகக் கேள்வி.

என் மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது பேட்மிண்டன் குழுவுக்குத் தேர்வானாள். மாவட்டப் போட்டி நெருங்கியது. பள்ளியில் அந்த ஆட்டம் தெரிந்த ஆசிரியர் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் என் கணவர்தான் எழுந்து, தனக்கு ஒரு கோச்சைத் தெரியும் என்றார். அடுத்த வாரக் கூட்டத்துக்கே அழைத்தும் வந்துவிட்டார். நல்ல உயரம், சிரித்த முகம், பெரியவர்களைக் கண்டால் கைகூப்பும் பழக்கம். எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வியை அவரிடமும் கேட்டார்கள்: “எந்தத் தோட்டம்?” அவர் தான் பிறந்த ரப்பர் தோட்டத்தின் பெயரைச் சொன்னார், அப்பாவின் பெயரைச் சொன்னார், கோயில் திருவிழாவில் அப்பா கரகம் எடுப்பார் என்றார். அறையே தளர்ந்து சிரித்தது. அது என் கணவர் பிறந்த தோட்டம். இரண்டு குடும்பமும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்தவை. ஒருவர், “அட, அவரு மகனா நீங்க!” என்று எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

தலைமையாசிரியை மட்டும் கோச்சின் அடையாள அட்டையைக் கேட்டார். பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவர் மீது பழைய குற்றத் தீர்ப்பு ஏதாவது இருக்கிறதா என்று சமூகநல இலாகாவில் கேட்டுப் பதில் வர வேண்டும் என்றார். என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. “டீச்சர், இவன் எங்க எஸ்டேட்டு. இவங்க அப்பாவும் எங்க அப்பாவும் ஒண்ணா பால்மரம் வெட்டுனவங்க.”

“இருக்கட்டும் சார். பதில் வரட்டும். அதுவரைக்கும் நாற்காலி.”

பதில் வரத் தாமதமானது. கோச் மாலையில் வருவார், நீல நாற்காலியில் உட்கார்வார், தலைமையாசிரியை வந்த பிறகுதான் திடலுக்குப் போவார். வேறு ஆசிரியரிடம் ஒப்படைக்காமல் தலைமையாசிரியையே குடையை விரித்துக்கொண்டு திடல் ஓரத்தில் உட்கார்ந்து, பயிற்சி முடியும்வரை நோட்டுப் புத்தகங்கள் திருத்திக்கொண்டிருப்பார். சனிக்கிழமைகளில் என் மகள் உட்பட நான்கு பெண் பிள்ளைகளை மட்டும் தன் காரில் உள்ளரங்கத்துக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி தருவதாக கோச் கேட்டார். முடியாது என்றார் தலைமையாசிரியை. அன்றிலிருந்து சண்டை பெரிதானது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அவரைப் பற்றி எழுதியதை இங்கே எழுத முடியாது. நம்ம பிள்ளைகள் முன்னேறுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் அதில் மரியாதையான வரி. என் மகள் சோற்றைப் பிசைந்தபடியே அழுதாள். “டீச்சராலதான் நாங்க தோக்கப் போறோம்.” தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் என் கணவர், களைப்போடு களைப்பாக மேலிடத்தில் புகார் கொடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கோச் வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பதில் வந்துருச்சு. இனி அவரு இந்தப் பக்கம் வரமாட்டாரு. அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது.” மேசையில் இருந்த கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். “பிள்ளைய ஒரு தடவ கேட்டுப் பாருங்கம்மா. மெதுவா. பயமுறுத்தாம.”

காரில் வைத்து மெதுவாகத்தான் கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. அங்கிள் அவள் போன் நம்பரைக் கேட்டாராம். சனிக்கிழமை தனியாக ஐஸ்கிரீம் வாங்கித் தருவாராம், அம்மாவிடம் சொல்லக் கூடாதாம். “ஆனா அதுக்கு மேல எங்கே பேச முடியும்மா? டீச்சர்தான் எப்பவும் கொடைய புடிச்சிக்கிட்டு அங்கயே ஒக்காந்திருந்தாங்களே.”

ஒன்றும் நடக்கவில்லை. இந்த வார்த்தைகளை அன்றிலிருந்து எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்னதும் நிம்மதி வருவதில்லை; எழுந்து போய் அவள் தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்று வீட்டில் என் கணவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். “அவங்க அப்பா ரொம்ப நல்ல மனுசன்.”

“நல்ல மனுசன்தாங்க. அவரா கோச்சிங் குடுக்க வந்தாரு?” என்றேன்.

பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த அறையில் இருந்த யாருக்கும், என் கணவருக்கும்கூட, அந்த மனிதரை உண்மையில் தெரியாது. தோட்டம் விற்கப்பட்டு ஆட்கள் சிதறியபோது அவர் அரைக்கால் சட்டை போட்ட பையன். அதற்குப் பிறகு எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் அவருடைய அப்பாவை எழுந்து வரவேற்றோம். உள்ளே வந்தது மகன்.

தலைமையாசிரியை காரணத்தை வெளியில் சொல்லவே இல்லை. அதனால் கோச்சை விரட்டியவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. போட்டியில் பிள்ளைகள் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். அதுவும் அவர் கணக்கில் சேர்ந்தது. கூட்டத்தில் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லட்டுமா என்று என் கணவர் அவரிடம் போய்க் கேட்டார். “வேணாம் சார். பேச்சு கெளம்புனா அந்த நாலு பிள்ளைங்க பேருதான் அடிபடும்” என்றாராம். அடுத்த ஆண்டு மெர்சிங் பக்கம் மாற்றலாகிப் போனார். வழியனுப்பு விழாவில் பாதி நாற்காலிகள் காலி. என் கணவர் அவர் காலில் விழப்போய், அவர் பதறி விலகி, “என்ன சார் இது, பிள்ளைங்க பாக்குது” என்றது மட்டும் நினைவிருக்கிறது. புதியவர் வந்ததும் நீல நாற்காலியைக் காணவில்லை. கால் உடைந்துவிட்டது என்றார்கள்.

அந்த மனிதர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்காத இடங்கள் நிறைய இருக்கின்றன. டியூஷன் நிலையம், நீச்சல் வகுப்பு, பள்ளி வேன் என்று எந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தாலும், உள்ளே இருப்பவரைப் பற்றி யாராவது கேட்டார்களா என்றுதான் முதலில் தோன்றுகிறது.

இப்போது தம்போய் என்ற ஊரில் இருக்கிறோம். என் இளைய மகன் இங்குள்ள தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு. போன வாரம் விளையாட்டுப் போட்டிக்கு உதவி செய்யப் போனேன். கேட்டில் இருந்த காவலர் என்னைப் பார்த்துச் சிரித்து, கையை வீசினார்.

“போங்கம்மா, போங்க. நம்ம ஆளுங்கதான!”

அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அவரைத் தெரியாது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

“அண்ணே, ஒரு நாற்காலி இருக்குமா?”

“ஏம்மா, கால் வலியா?” என்றபடி தன் கொட்டகையிலிருந்து ஒரு சிவப்பு நாற்காலியைத் தூக்கிவந்து நிழலில் போட்டார். ஓர் ஆசிரியை வந்து என் பெயரைக் கேட்கும்வரை அதில் உட்கார்ந்திருந்தேன்.