உறையோடு உட்கொள்ளவும்

பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து உறை ஊற்றுவது விஜயராணியின் வேலை. மேலூர் ரோட்டு வீட்டில் இருபத்து மூன்று வருடமாக வேறு யார் கையும் அந்தச் சட்டியில் பட்டதில்லை. இந்த இரண்டு மாதமாக மட்டும் ஒரு சின்ன மாற்றம். கேப்சூல் மாத்திரை ஒன்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் பொடியைப் பாலில் தட்டி, அதன் மேல் மோரை விட்டுக் கலக்கினாள்.

அவளுக்குக் குடலிறக்கம். இருமினாலும் வலி, குடத்தைத் தூக்கினாலும் வலி. "எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்கம்மா. இவ்வளவு கொழுப்பு இருந்தா தையல் நிக்காது. அப்புறம்தான் ஆபரேஷன்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டயர் கடை வைத்திருக்கும் கணவர் ரெங்கராஜ், மறுநாளே ஒரு டப்பா வாங்கி வந்தார். உள்ளே இருப்பது நல்ல பாக்டீரியாவாம், தொப்பையைக் கரைக்குமாம். கூட இருந்த தாளில் 'உறையோடு உட்கொள்ளவும்' என்று போட்டிருந்தது. உறை என்றால் விஜயராணிக்கு உறைமோர்தான்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா எடை பார்த்தபோது முந்நூறு கிராம்தான் குறைந்திருந்தது.

"எப்படிம்மா சாப்பிட்டீங்க?"

"தாள்ல போட்ட மாதிரிதாங்க. உறையோட கலந்து, தயிராக்கி, வீட்டுல எல்லாரும் சாப்பிட்டோம்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. "உறைன்னா மாத்திரை மேல இருக்குற கூடும்மா! பிரிக்காம முழுங்கணும். ஆனா ஒழுங்கா முழுங்கியிருந்தாலும் அரை கிலோ, ஒரு கிலோ குறைஞ்சா பெருசு. சில பேருக்கு அதுவும் இல்ல. காலைல ஒரு மணி நேரம் நடங்க. மிஞ்சுன இட்லிய வீணாப் போகுதேன்னு வாயில போடாதீங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் காப்பிக்காகச் சமையலறைக்கு வந்த ரெங்கராஜுக்கு இன்னும் சிரிப்பு தீரவில்லை.

"அதான் ரெண்டு மாசமா என் வயிறு பொருமாம கம்முனு கிடந்துச்சா? சரி விடு, இன்னொரு டப்பா வாங்கியாறேன். இந்தத் தடவ கூட்டோட முழுங்கு."

"டப்பா வேணாங்க. ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் நான் நடக்கப் போகணும். அந்த ஒரு மணி நேரம் அடுப்ப நீங்க பாத்துக்குறீங்களா?"

ரெங்கராஜ் அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்து, தாளை விரித்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"உங்களத்தாங்க கேக்குறேன்."

அவர் தாளைத் திருப்பினார்.

"பால் அடுப்புல இருக்கு" என்று சொல்லிவிட்டு, விஜயராணி கையை முந்தானையில் துடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.