மகள் பெயரில் ஒரு நேர்த்திக்கடன்

பால்குடம் எடுத்தால் என் மகளின் பயம் போய்விடும் என்று நம்பினேன். அவளைக் கேட்காமலே அவள் பெயரில் நேர்ந்தும்கொண்டேன். சிரிக்காதீர்கள்... சரி, சிரித்துக்கொள்ளுங்கள்! எங்கள் ஊர் பெம்பானில் கல்யாணத்துக்குக் கல்யாணம் மைக் பிடித்துக் கோமாளித்தனம் செய்பவன்தானே நான்.

யாழினிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வீட்டு கேட்டைத் தாண்டினால் மூச்சு முட்டும், கைகால் உதறும். டாக்டர் சொன்னபடி தினமும் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினாள். ஓராண்டில் எட்டு வீடு தூரம்! எங்களுக்குள் ஒரே ஒப்பந்தம்: அவள் "போதும்" என்றால் நான் மறுபேச்சில்லாமல் திரும்ப வேண்டும்.

எட்டு வீடு நடந்தவள் கோயிலுக்கு நடக்கமாட்டாளா? என்ன ஒரு மேதாவி நான்!

எஸ்டேட் முருகன் கோயில் திருவிழா. "வேணாம்பா" என்றாள்.

"பயமா இருந்தா சொல்லு, அடுத்த நிமிஷம் யூ-டர்ன்லா!"

நம்பி வந்தாள்.

கூட்டத்தின் நடுவே, தலையில் குடத்தோடு நின்றுவிட்டாள். "போதும்பா."

"இன்னும் பத்தடிதான்மா. முருகனே மயிலுக்கு பார்க்கிங் கெடைக்காம சுத்துறாரு, நமக்கென்ன அவசரம்?"

ஜோக் அடித்தேனே தவிர, என் கண் கூட்டத்தைத்தான் மேய்ந்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்களே... பெண்ணுக்கு என்ன கோளாறு என்று கேட்பார்களே!

குடம் விழுந்தது. அவள் உடம்பு உதறியது. அலறினாள்.

"சாமி வந்துருச்சு! உறுமி மேளத்த நல்லா அடிங்கடா!" என்று கத்தினான் என் மச்சான். சுற்றி வளைத்துக்கொண்டார்கள். திருநீற்றை அள்ளிப் பூசினார்கள். ஓர் அக்கா அவள் காலில் விழுந்து, "எம் மவனுக்கு எப்ப வேல கெடைக்கும் தாயி?" என்று குறி கேட்டாள்!

"இது நோய், விலகுங்கள்" என்று ஒரு வார்த்தை... சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோயாளியின் அப்பன் என்பதைவிட அருள் வந்தவளின் அப்பன் என்பது எவ்வளவு சௌகரியம்!

இரண்டு வருடமாகிறது. அவள் அறையைவிட்டு வருவதில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைக்கிறேன். நான் நகர்ந்தபின் எடுத்துக்கொள்கிறாள். வெளியே நின்று ஜோக் சொல்லிப் பார்த்தேன்... உள்ளே விளக்கை அணைத்துவிட்டாள்.

அன்று அந்த மேளச் சத்தத்தில் அவள் சொன்னது எதுவும் காதில் விழவில்லை என்று மனைவியிடம்கூடப் பொய் சொல்லியிருக்கிறேன். விழுந்தது. தெளிவாகவே விழுந்தது.

"அப்பா, வீட்டுக்குப் போலாம்பா" என்றாள்.

நான் கைகூப்பி, எல்லோரோடும் சேர்ந்து, "அரோகரா" என்றேன்.