நானூற்றுப் பன்னிரண்டு யூனிட்

கரமனைத் தெருவில் பகவதிப்பெருமாளுக்கு இன்னொரு பெயர் உண்டு, யூனிட்டு பிள்ளை. அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது, உள்ளூரப் பெருமைதான். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த மளிகைக் கடையின் குடோனை முப்பத்திரண்டு வருடம் கட்டிக் காத்த மனிதர். வந்த சரக்கில் போன சரக்கு போக மிச்சம் உள்ளே கிடந்தாக வேண்டும், எப்போது கேட்டாலும் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். அவர் கற்ற பாடம் அவ்வளவுதான். அந்த ஒரு பாடத்தை வைத்தே உலகம் மொத்தத்தையும் அளந்துகொண்டிருந்தார்.

அவர் மனைவி பொன்னம்மைக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிற வியாதி. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் ராப்பகலாக ஓட வேண்டும். அதற்காகத்தான் ஐந்து மாதத்துக்கு முன் மொட்டை மாடியில் சோலார் போட்டார். போட வந்த டெக்னீஷியன் ஜெயன் மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாக விளக்கினான். பகலில் வீட்டுக்குப் போக மிஞ்சுகிற மின்சாரம் கம்பி வழியே தெருவுக்குப் போய்விடும். இரவில் வேண்டியதைத் தெருக் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். போனதையும் வந்ததையும் புது மீட்டர் தனித்தனியாக எண்ணும். எடுத்தது கூடுதலென்றால் அந்தக் கூடுதலுக்கு மட்டும் பில். கொடுத்தது கூடுதலென்றால் அது அவர் பெயரில் வரவாக நிற்கும்.

பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது. இதுவும் குடோன்தானே. ஜெயன் அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னான். அதற்குள் அவர் மனது மாடியேறி வெயிலை அளக்கப் போய்விட்டது. நீட்டின காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறு வாரமே பழைய இன்வெர்ட்டரின் பாட்டரி இரண்டையும் பழைய சாமான் வாங்கும் ஆக்கர்க் கடைக்காரனிடம் தள்ளிவிட்டார். தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே மீட்டரின் முன் நிற்பார். "நம்ம சரக்கு கவர்மெண்டு குடோன்ல கெடக்கு, பின்ன பாட்டரி எதுக்குடே" என்று போகிற வருகிறவர்களைப் பிடித்து வைத்துச் சொல்வார். இடையில் பத்து நிமிடம், கால் மணி நேரம் மின்சாரம் போனபோதெல்லாம் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிச் சமாளித்தார். சோலார் ஏன் வரவில்லை என்று யோசிப்பதற்குள் மின்சாரம் வந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் தெருமுனையிலிருந்த பெரிய மரம் கம்பிகளின் மேல் சாய்ந்து மின்சாரம் போனது. அடுத்த வீட்டு ரேஷ்மி தன் இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தாள். விடியும்போது அதுவும் பீப் பீப்பென்று அடித்து நின்றது. தெருவில் வேறு எந்த வீட்டு இன்வெர்ட்டரிலும் உயிரில்லை. சிலிண்டரை மாட்டினார். "விடிஞ்சாச்சு பொன்னம்மே, வெயிலு மட்டும் வரட்டும்" என்று அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

எட்டரை மணிக்கு வெயில் வந்தது. மழை கழுவிவிட்ட வானத்திலிருந்து பளீரென்று வந்தது. மாடிப்படி அறையில் சோலார் பெட்டியின் முன் போய் நின்றார். அதில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம் பார்த்தார், பத்து நிமிடம் பார்த்தார். பச்சை வரவில்லை. ஜெயனைப் போனில் பிடித்தார்.

"சாரே, லைன் இல்லெங்கில் அது ஓடாது. நான் அன்னைக்கே பறஞ்சதல்லே."

"வெயிலு மண்டையைப் பொளக்கு. தகடு ஒம்பதும் மேல கெடக்கு. எப்பிடிடே ஓடாது?"

"லைன்ல கரண்ட் உண்டான்னு பாத்துத்தான் அது ஸ்டார்ட் ஆகும். அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கு. பாட்டரி கூட வெச்சிருந்தா வேற காரியம்."

"எனக்க பேர்ல நானூத்திப் பன்னெண்டு யூனிட்டு நிக்கி. நான் ஓசிக்கா கேக்கேன்? அதுல ரெண்டைக் குடுக்கச் சொல்லு."

"சாரே, அந்த யூனிட்டு எங்கயும் கெடக்கல. நீங்க குடுத்ததை அன்னன்னைக்கே அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க எரிச்சுத் தீத்தாச்சு. உங்க பேர்ல எண்ணிக்கை மட்டும்தான் உண்டு."

முப்பத்திரண்டு வருடம் குடோன் பார்த்தவர், ஐந்து மாதமாக ஒரு வெற்றுக் குடோனுக்குக் காவல் இருந்திருக்கிறார்.

"எந்த ஒயரப் பிடுங்கி எதுல குத்தணும்னு மட்டும் சொல்லு. நான் செய்யுகேன். இவளுக்கு மூச்சு முட்டுகு."

"சாரே, வேண்டா. லைன் ஆஃப்ல இருக்கும்போ உங்க வீட்டுக் கரண்ட் வெளிய போனா, போஸ்ட்ல ஏறினவன் செத்துப்போவான். அதுக்காகத்தான் அது தானா நிக்குது. நீங்க ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

ஆம்புலன்ஸைக் காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டாயிற்று. மெடிக்கல் காலேஜ் போகிற வழியில் மூன்று இடத்தில் மரம் கிடக்கிறது, பத்தரை ஆகும் என்றார்கள். இப்போது மணி ஒன்பது. சிலிண்டரில் முள் கால் பாகத்துக்குக் கீழே நின்றது. முக்கால் மணி நேரம் தாங்கினால் பெரிது.

மாடியிலிருந்து பார்த்தால் தெருக்கோடி தெரிந்தது. அங்கே ஒரு கம்பத்தின் உச்சியில் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு தொங்கினான். ஊரெல்லாம் வெயில் கொட்டிக் கிடக்க, தன் வீட்டு மெஷின் ஓடாமல் நிற்பது இவன் ஒருவனுக்காக. செத்தால் சாகட்டும் என்று பிள்ளை நினைத்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லாமல், முழுசாக நினைத்தார். நினைத்த உடனே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கீழே வந்தார். பொன்னம்மை தலையணைகளில் சாய்ந்திருந்தாள். உதட்டில் நீலம் பாரித்திருந்தது. ரேஷ்மி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"வெயிலு... வந்துட்டா?" என்று பொன்னம்மை கேட்டாள்.

"வந்துட்டு" என்றார் பிள்ளை. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. சட்டை கூடப் போடாமல் தெருவில் ஓடினார்.

கம்பத்தடியில் மின்வாரிய ஓவர்சியர் ஷாஜி நின்றிருந்தார். "மத்தியானம் ரெண்டு மணி ஆகும் சேட்டா. கம்பி புதுசா வலிச்சுக் கட்டணும். மொத்தத் தெருவையும் சரியாக்கிட்டு ஒரே தடவையா கரண்ட் விட்டு சார்ஜ் பண்ணுவோம்" என்றார். பிள்ளை கை கூப்பினார். வாழ்க்கையில் கடை முதலாளியைக் கூட அவர் அப்படிக் கும்பிட்டதில்லை. "எனக்க பெண்டாட்டிக்கு அரை மணிக்கூறு காத்துதான் மிச்சம் இருக்கு" என்று வீட்டைக் காட்டிச் சொன்னபோது குரல் உடைந்து அழுகையாகவே வந்துவிட்டது.

கம்பத்தின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது. "சார், ட்ரான்ஸ்ஃபார்மரு ஆத்தங்கரைப் பக்கம்லா இருக்கு. அங்கன எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அண்ணாச்சி வீட்டு முன்னால நிக்க போஸ்ட்டுல கம்பியச் சேக்குத ஜம்பர அத்துவிட்டா, அதுவரைக்கும் கரண்ட் குடுத்துரலாம்லா."

ஷாஜி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு போனை எடுத்து யாரிடமோ பேசினார். "சரி. வேகம் செய்" என்றார்.

அவன் இறங்கி வந்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து காண்ட்ராக்டில் வந்த ஆள், முப்பது வயது இருக்கும். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளையோடு கூடவே ஓடி வந்தான். வீட்டு முன்னாலிருந்த கம்பத்தில் ஏணியைச் சாய்த்துவிட்டு, முதல் படியில் கால் வைத்தவன் நின்று மாடியை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுல சோலார் இருக்கே. அது நெசமாவே நின்னுருக்கா?"

"நின்னுதான் இருக்கு."

"தானா நின்னுரும்னுதான் சொல்லுதாவ. ஆனா ஒங்க வீட்டு ஒயரு நேரா இந்தப் போஸ்ட்டுலதான் வந்து ஏறுது. மெஷினு மட்டும் மக்கர் பண்ணிச்சுன்னா நான் காலி. வீட்டுல ரெண்டு பிள்ளைய இருக்கு. அதான் கேட்டுக்கிடுதேன்."

பிள்ளையால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒம் பேரு என்னடே?" என்று கேட்டார்.

"உச்சிமாகாளி."

"உச்சிமாகாளி, நான் மேல போயி சுவிச்சை எறக்கிட்டு அங்கேயே நிப்பேன். நான் சொன்ன பொறவு நீ ஏறு."

மாடிப்படி அறையில், சோலார் பெட்டியிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒயரில் ஒரு கைப்பிடி சுவிட்ச் இருந்தது. அதைக் கீழே இழுத்தார். இழுத்துவிட்டால் அது தானாக மேலே போகாது. விட்டுவிட்டு மனைவியிடம் போயிருக்கலாம். அவர் போகவில்லை. இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியே "ஏறுடே" என்று கத்தினார்.

கீழேயிருந்து ரேஷ்மி கூப்பிட்டாள். "மாமா, முள்ளு சிவப்புக்கு வந்துட்டு."

ஜன்னலில் மஞ்சள் தொப்பி தெரிந்தது. உச்சிமாகாளி ஒரு கம்பியை அறுத்தான், அடுத்த கம்பிக்கு நகர்ந்தான்.

"மாமா, அத்தை ஒங்களைத் தேடுதாங்க. கீழ வாங்க."

பிள்ளைக்குக் கண்ணீர் தாடியில் இறங்கியது. "வாறேன்னு சொல்லு, மக்ளே. இப்ப வாறேன்னு சொல்லு" என்றார். கை கைப்பிடியை விடவில்லை. பொன்னம்மை போய்விட்டால் கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாத பாவி என்று ஆகிவிடும். தெரிந்தேதான் நின்றார். மூன்றாவது கம்பி, நாலாவது கம்பி. உச்சிமாகாளி இறங்கினான். பின்னாலேயே வந்திருந்த ஷாஜி, கரண்ட் விடச் சொல்லி ஆற்றங்கரைப் பக்கம் கையைக் காட்டினார்.

கீழே மெஷின் ஒரு தடவை பீப்பென்று கத்திவிட்டு, பழைய இரைச்சலோடு ஓட ஆரம்பித்தது. ரேஷ்மி ஏதோ சொன்னாள், அழுகையில் வார்த்தை புரியவில்லை. பிள்ளை நாலு நாலு படியாகத் தாவி இறங்கிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்துப் பொன்னம்மையின் உதடு மறுபடி பழைய நிறத்துக்கு வந்தது. பத்தரைக்கு வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டு, இனி மெஷினே போதும் என்று போனார்கள்.

தெருமுனை வேலை முடிய மத்தியானம் மூன்று மணி ஆனது. ஷாஜி வந்து, "இனி சோலார் ஆன் பண்ணலாம் சேட்டா, தெருமுனைக் கம்பம் தனியா ஆயாச்சு, இங்கேருந்து கரண்ட் அங்க போகாது" என்று பதினொரு மணிக்கே சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை மாடியேறினார். தூரத்துக் கம்பத்தில் உச்சிமாகாளி மறுபடி தொங்குவது தெரிந்தது. அவன் இறங்கி, பெல்ட்டைக் கழற்றி வண்டியில் போடுகிற வரை, அவ்வளவு வெயிலையும் பார்த்துக்கொண்டு அவர் இறக்கிவைத்த சுவிட்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.