ஜன்னலில் கட்டாத ஈரத்துண்டு

போகி வந்தால்தான் பொழிச்சலூரில் எங்கள் தெருவுக்கு டிவிக்காரர்கள் வருவார்கள். பக்கத்தில் விமான நிலையம். புகையில் விமானம் இறங்கத் தாமதமானால் அது செய்தி. மற்ற நாட்களில் இங்கே என்ன எரிந்தாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

தெருமுனையில் வண்டி போட்டுத் துணி தேய்க்கிறேன். எதிரே தண்ணீர் கேன் கடை. கடைக்காரனுக்கு என் வயதுதான். என் மனைவியைத் தங்கச்சி என்பான், அதனால் நான் அவனுக்கு மச்சான். யாரிடமும் சரளமாகப் பேசுவான். எனக்கோ, இது யார் சட்டை என்று கேட்கக்கூட வாய் கூசும். காலரைப் பார்த்து நானே கண்டுபிடித்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு பேர் சாக்கில் பழைய ஒயர் கொண்டுவந்து, உள்ளே இருக்கும் செம்புக்காக எரிப்பார்கள். கறுப்புப் புகை நேராக எங்கள் ஜன்னலுக்கு வரும். என் மனைவிக்கு மூச்சு இழுப்பு உண்டு. அதனால் நாலரைக்கு வண்டியை விட்டுப் போய் ஜன்னலைச் சாத்துவேன். கதவு சரியாகப் பொருந்தாது. ஒரு துண்டை நனைத்து இடுக்கை அடைத்துக் கட்டிவிட்டு வருவேன். அது என் வேலை. அவள் கேட்டதில்லை, நான் சொல்லிக்காட்டியதும் இல்லை.

போன வருஷம் போகி காலையில் மைக்கோடு வந்த பெண் முதலில் என்னிடம்தான் வந்தாள்.

"அண்ணா, இந்தப் புகையால உங்களுக்கு என்ன கஷ்டம்?"

காலி மனையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எதிர்க்கடைக்காரன் தலையைச் சீவிக்கொண்டு வந்து நின்றுவிட்டான்.

"வருஷத்துல ஒரு நாள்தாம்மா இந்த பேஜாரு. டயர எரிக்காதீங்க, இன்னிக்கு மட்டும் ஜன்னல சாத்தி வைங்க, போதும். மத்த நாள்ல நம்ம ஏரியா காத்து சூப்பர் காத்து."

மத்தியானச் செய்தியில் அவன் முகம் வந்தது. குரலுக்கு நடுவே என் இஸ்திரிப் பெட்டியைக் காட்டினார்கள். மூடியைத் திறந்து கரியை விசிறும் கை, பறக்கும் பொறி, புகை. முகம் இல்லை. மறுநாளே மாடி வீட்டு அம்மா, "டிவில காட்டினாங்களே, நீங்க கேஸ் பெட்டிக்கு மாறக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"இன்னா தெளிவா பேசுறாரு பாரு அண்ணன்" என்றாள் என் மனைவி. "நீயுந்தான் நின்னுகினு இருந்த, மண்ணு மாதிரி."

பொங்கலுக்கு மூன்று நாட்கள் ஒயர்க்காரர்கள் வரவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தாள். காற்று நன்றாகத்தான் இருந்தது. "பாத்தியா, அண்ணன் சொன்ன மாதிரியே கீது. இனிமே அந்தத் துண்டெல்லாம் வாணாம்" என்றாள். பொங்கல் முடிந்ததும் ஒயர்க்காரர்கள் திரும்பி வருவார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பத்து வருஷமாகத் துண்டு கட்டுகிறவன் நான். ஒரு நிமிஷம் டிவியில் பேசியவன் அவன். எனக்கு வயிறு எரிந்தது.

காணும் பொங்கலுக்கு மறுநாள். நாலு மணிக்கு ஒயர்ச் சாக்குகள் என் வண்டியைத் தாண்டிப் போயின. பார்த்தேன். வீடு தெருவின் மறுகோடியில். கையில் இருந்தது ஒரே ஒரு வேட்டி. அதை வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். திறந்து வைக்கட்டும், அவன் பேச்சு எவ்வளவு பொய் என்று தெரியட்டும் என்று நினைத்தேன். வேட்டியைத் திருப்பித் திருப்பித் தேய்த்தேன்.

ஆறு மணிக்குப் போனபோது கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. பேச்சு வரவில்லை. கேன் ஏற்றும் ஆட்டோவில் எதிர்க்கடைக்காரனே எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனான்.

முகத்தில் மருந்துப் புகை வரும் மாஸ்க் மாட்டியிருந்த அவளைப் பார்த்துக்கொண்டே டாக்டர், "எந்தப் புகை பட்டுது?" என்று கேட்டார்.

"போகிப் புகை சார், உள்ளயே தங்கிகினு இருந்திருக்கும்" என்றான் அவன்.

"இல்ல சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஒயர் எரிக்கிறாங்க. தினமும். இன்னிக்கும் சாக்கு எடுத்துகினு போனாங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். மனைவி மாஸ்க்கை விலக்கினாள்.

"நீ பாத்தியா?"

தலையாட்டினேன்.

"பாத்துட்டுமா வரல?"

அவன் வெளியே போய்விட்டான். அவள் வீடு திரும்பினாள். நான் நாலரைக்குப் போய்த் துண்டு கட்டினேன். அவள் தடுக்கவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

இந்த வருஷப் போகிக்கும் மைக் வந்தது. அவன் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான். "மச்சான் சொல்லுவான்மா. இவனுக்குத்தான் தெரியும்." ஒயரைப் பற்றி, ஐந்து மணியைப் பற்றி, என் மனைவியின் மூச்சைப் பற்றித் திக்கித் திக்கிச் சொன்னேன்.

சாயங்காலம் நானும் அவளும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். டயர் வந்தது, விமானம் வந்தது, என் இஸ்திரிப் பெட்டி வந்தது. கடைசியில் அவன் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துச் சொன்னான்.

"நீ சொன்னத போடலியே" என்றாள்.

மணி நாலரை. துண்டை நனைக்க எழுந்தேன். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.