கீழே இறங்கிய பெண் வீடு

அக்காவின் கல்யாணப் பத்திரிகையை இணையப் பக்கமாகச் செய்தது நான்தான்; வெப் டிசைன் என் வேலை. இடப்பக்கம் மாப்பிள்ளை வீடு, திண்டிவனம். வலப்பக்கம் எங்கள் வீடு, விழுப்புரம். இரண்டு பத்திகளும் அருகருகே, ஒரே உயரத்தில். என் போனில் அப்படித்தான் தெரிந்தது.

அப்பாவின் போனில் எங்கள் பத்தி மாப்பிள்ளை வீட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது அத்தை.

"பாத்தியாண்ணே? தாலி ஏர்றதுக்குள்ள நம்மள கீழ எறக்கிட்டாங்க."

"அத்தை, அத செஞ்சது நான். அவங்க இல்ல."

"ஓ, நம்ம வூட்டுப் பொண்ணே எறக்கி வுட்டுச்சா? ரொம்ப நல்லதுண்ணே."

அப்பா சிரிக்கவில்லை. பிற்பகல் நாங்கள் திண்டிவனம் போய்ச் சம்பந்தி வீட்டில் பத்திரிகை வைக்க வேண்டும். தட்டில் பழம், வெற்றிலை எல்லாம் தயார். அவர் போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நீங்க போய்ட்டு வாங்க. நான் வரல."

அம்மா என்னைப் பார்த்தாள். லேப்டாப்பைத் திறந்தேன். உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே சந்தேகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளினேன். பத்திகளின் ஓர இடைவெளி? இல்லை. நடு இடைவெளி? இல்லை. அப்பா போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார். என் போனிலும் பெரிதாக்கினேன். எங்கள் பத்தி கீழே விழுந்தது.

காரணம் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்குப் பின்னால் இருந்தது: எம்.ஏ.,எம்.எட்.,எம்.ஃபில்.,டி.சி.ஏ., அவர் அனுப்பியபடியே, இடையில் ஒரு வெற்றிடம்கூட இல்லாமல். பிரவுசருக்கு அது முழுதும் ஒரே சொல், உடைக்காது. எழுத்து பெரிதானதும் அந்தச் சொல் தன் பத்தியை அகட்டி, எங்களை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டது.

"ரெண்டு படிப்ப எடுத்துடேன்" என்றாள் அத்தை.

"எடுத்தா அவரு கல்யாணத்துக்கே வரமாட்டாரு" என்றாள் அம்மா.

ஒவ்வொரு காற்புள்ளிக்குப் பிறகும் இடம் விட்டேன். எவ்வளவு நீளமான சொல் வந்தாலும் பத்தி பாதிக்கு மேல் அகலக் கூடாது, அடுத்த வரிக்கும் இறங்கக் கூடாது என்று பக்கத்தின் வடிவமைப்பு விதியில் எழுதினேன். அப்பாவின் போனை நீட்டினேன்.

"நேராயிடுச்சு" என்றவர், விரலை நகர்த்தினார். சம்பந்தியின் பட்டங்கள் மடிந்து மடிந்து இறங்கின. அவற்றுக்கு நேரே அப்பாவின் பெயருக்குக் கீழே வெறும் வெள்ளை.

"இங்க ஏன் காலியா இருக்குது?"

"நீங்க ஒண்ணும் போட வேணாம்னீங்களேப்பா."

"விவசாயின்னு போடு. ஊரு கோலியனூர்னும் போடு."

போட்டேன். சட்டை ஆணியிலிருந்து இறங்கியது.

பஸ்ஸில் எனக்கு நிலைகொள்ளவில்லை. சம்பந்தி போனில் பழைய பக்கமே தங்கியிருந்தால்? அப்பாவுக்கும் அதே நினைப்பு போலிருக்கிறது. திண்டிவனத்தில் தட்டை நீட்டுவதற்கு முன்பே கேட்டார்: "சம்பந்தி, உங்க போன கொஞ்சம் குடுங்க."

இரண்டு வீடும் நேராக நின்றன. சம்பந்தி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"என்னாம்மா இது, என் டி.சி.ஏ. மட்டும் தனியா கீழ போய்க்கினு இருக்குது?"

என் கை லேப்டாப் பைக்குப் போனது. அப்பா அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

"இருக்கட்டும் வுடுங்க சம்பந்தி" என்று தட்டை நீட்டினார்.